சிலந்தி இல்லை, பேன்

எங்கள் வீட்டில் ஒட்டடை அடிக்கும் வழக்கம் கிடையாது. யாம்னா சோம்பேறி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெயில் சுவரைத் தொடுவதற்குள் ஆட்டுக் கொட்டிலைக் கூட்டி, ரொட்டிக்கு மாவு பிசைந்து, ஊற்றிலிருந்து தண்ணீரும் கொண்டுவந்துவிடுகிறவள் நான். ஆனால் துடைப்பத்தை மூலைக்கு மேலே தூக்கினால் போதும், என் கணவர் புஸியானுக்கு மூக்கில் வியர்த்துவிடும். எந்த அறையில் இருந்தாலும் "அங்க கை வைக்காதே" என்று குரல் வரும். அதனால் எங்கள் வீட்டு உத்தரமெல்லாம் சிலந்திகளின் சொத்து. நாங்கள் கீழே வாடகைக்கு இருக்கிறோம்.

காரணம் மலைக்கே தெரியும். எங்கள் ரீஃப் மலையில் கஞ்சா போடாத வீடு குறைவு. அது சட்டத்துக்குப் புறம்பாக இருந்த காலத்தில் யாரோ காட்டிக்கொடுத்து, புஸியானின் பெயர் போலீஸ் கையில் சிக்கிவிட்டது. பெயர் சிக்கினால் ஆள் சிக்கிய மாதிரிதான். சந்தைக்குப் போக முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாது. ஜீப் சத்தம் கேட்டால் பின்கதவு வழியாக ஓடி, ஓக் மரங்களுக்கு மேலே இருக்கும் குகைக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். ஒருமுறை போலீஸ் குகை வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள். வாசலை மறைத்து ஒரு சிலந்தி வலை பின்னியிருந்ததாம். இதற்குள் யார் போயிருக்க முடியும் என்று பேசிக்கொண்டே திரும்பிவிட்டார்களாம். நபிகள் நாயகம் குகையில் ஒளிந்திருந்தபோது வாசலில் ஒரு சிலந்தி வலை பின்னி, துரத்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். தனக்கும் அப்படி ஒரு கருணை கிடைத்தது என்று புஸியான் நம்பினார். இன்றைக்கும் நம்புகிறார்.

பக்கத்து வீட்டு ஷாமாவுக்கு மட்டும் சந்தேகம். "நீ உள்ள நுழைஞ்சப்ப வலை கிழிஞ்சிருக்கணுமே, புஸியான். போலீஸ் வர்றதுக்குள்ள மறுபடி பின்னிடுச்சுன்னா, அது கால்ல மிஷின் கட்டியிருந்துச்சா?" என்று கேட்பாள். புஸியான் எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விடுவார். நான்தான் அவளை முறைப்பேன். என் வீட்டுக்காரரை நான் கேலி செய்யலாம், இவளுக்கு என்ன வந்தது?

போன கோடையில் அரசரின் மன்னிப்பு வந்தது. கஞ்சா வழக்கில் தேடப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் புஸியானும் ஒருவர். சேதி வந்ததும் ஷாமா போட்ட குலவை எதிர்மலை வரைக்கும் கேட்டது. நான் கொட்டிலுக்குள் போய், ஒரு ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுததுதான். அந்த ஆடு பாவம், கறிக்குப் போகிறோம் என்று நினைத்துக் கத்தியது.

இப்போது சட்டப்படியே கஞ்சா போடலாம் என்று ஆகிவிட்டதால், இந்த வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினோம். மலைச்சரிவில் எங்களுக்கு மூன்று அடுக்கு நிலம். மருந்துக்கு எண்ணெய் எடுக்கிற பயிர் என்பதால் ஆட்டு எருவும் ஊற்றுத் தண்ணீரும் மட்டும்தான் போடலாம். ரசாயனம் ஒரு சொட்டு பட்டது சோதனையில் தெரிந்தால் சங்கம் பெயரை அடித்துவிடும். பயிர் பாழாய்ப் போனாலும் அதே கதைதான், நம் இடத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள் நிறைய. பெயர் போனால் பழையபடி கள்ள வியாபாரிதான் கதி. அவனுக்குப் பின்னாலேயே ஜீப் வரும். ஜீப் வந்தால் குகை. ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு, ஆடு தேடிப் போகிறவள் மாதிரி பாவனை செய்துகொண்டு, அந்தச் சரிவில் மறுபடி ஏற என் முட்டியில் தெம்பில்லை. மனதிலும் இல்லை. இதைப் புஸியானிடம் விதைத்த அன்றே சொல்லிவிட்டேன். "இந்தப் பயிர் போச்சுன்னா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். குகைக்கு நீங்களே ரொட்டி சுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, அது அவருக்கும் தெரியும்.

ஜூன் மாதம் வெயில் கடுமையாக இருந்தது. மேலடுக்கை ஒட்டி மண்சாலை போகிறது. புதிதாகக் கட்டடம் கட்டுகிறவர்களின் லாரிகள் ஓடி ஓடி, அந்தப் பக்கத்துச் செடிகளெல்லாம் மாவு சலித்த பெண்கள் மாதிரி நின்றன. மேலடுக்கு புஸியானின் பொறுப்பு. ஒருநாள் காலையில் அங்கே போனவர் முகமெல்லாம் சிரிப்போடு திரும்பி வந்தார்.

"விருந்தாளி வந்திருக்கு" என்றார்.

"யாரு? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்றதில்லையா? வீட்டுல பயறு சூப்பைத் தவிர ஒண்ணுமே இல்ல."

"அது சூப்பு குடிக்காது. செடி உச்சியில வலை பின்னியிருக்கு. ஒரு செடியில இல்ல, அந்த ஓரம் பூராவும். காலை வெயில்ல பார்க்கணும், பட்டு மாதிரி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சு. இப்போ பயிரைக் காப்பாத்த வந்திருக்கு. நீ அந்தப் பக்கம் போய் எதையும் கலைச்சு வைக்காதே."

நான் போகவில்லை. என் தப்பு இல்லை அது. நடு அடுக்கில் களை எடுக்கவே எனக்கு நேரம் போதவில்லை. பிறகு ஒருநாள் ஆடு ஒன்று மேலே ஏறிவிட, அதைத் துரத்திக்கொண்டு போனேன். போன இடத்தில் ஆட்டை மறந்துவிட்டேன். இலைகளில் பச்சை செத்திருந்தது. ஊசியால் குத்திக் குத்தி வைத்த மாதிரி வெளிறிய புள்ளிகள். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் மண் ஒட்டியிருந்தது. ஊதினேன், மண் போகவில்லை. உற்றுப் பார்த்தேன், மண் நடந்தது. உச்சிக் கொழுந்துகளை வெள்ளை வலை மூடியிருந்தது, அதற்குள்ளும் ஊர்ந்துகொண்டிருந்தன. இறங்கி ஓடிச் சங்கத்துக்குப் போன் போட்டேன்.

சங்கத்தில் வயல் பார்க்கிற பெண் வியாம். அன்று மதியமே பைக்கில் வந்துவிட்டாள். என்னைச் சித்தி முறை வைத்துக் காலா என்றும் புஸியானை அப்பா முறை வைத்துப் பா என்றும் கூப்பிடுகிற நல்ல பெண்தான், ஆனால் கெட்ட சேதியைச் சுற்றி வளைக்கத் தெரியாது. ஒரு இலையைக் கிள்ளி, சின்னப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"சிவப்புச் சிலந்தி, காலா."

பின்னால் நின்ற புஸியானுக்கு உயிர் வந்தது. "பார்த்தியா, படிச்ச பொண்ணே சொல்லிடுச்சு. சிலந்தி."

"பேருதான் பா அப்படி. இது வேற."

"எத்தனை காலு அதுக்கு?"

வியாம் பொய் சொல்லத் தெரியாதவள். "எட்டு."

"வலை பின்னுதா?"

"பின்னுது, ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?" என்றார் புஸியான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விவாதத்தில் ஜெயித்தவர் மாதிரி நின்றார்.

வியாம் என்னைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். புழுதியும் வெயிலும் சேர்ந்தால் இது இப்படித்தான் பெருகுமாம். மேலடுக்கு இனித் தேறாது. வேரோடு பிடுங்கி அங்கேயே எரித்துவிட வேண்டும், தூக்கிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் உதிரும். நடு அடுக்கிலும் கீழடுக்கிலும் இப்போதுதான் ஆரம்பம். காலையில் தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும், சாயங்காலம் கறுப்புச் சோப்பைக் கரைத்து அடிக்க வேண்டும். முட்டை பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் விட்டு விட்டுத் திரும்பச் செய்ய வேண்டும்.

"பூ வந்துட்டா சோப்பும் அடிக்கக்கூடாது, வாசம் கெட்டுடும். அதுக்குள்ள முடிச்சாகணும். அப்புறம் பா, மேலடுக்கை நீங்களா எரிச்சிடாதீங்க. எல்லாம் கணக்குல இருக்கிற செடி. சங்கத்து ஆளும் போலீஸும் வந்து கண்ணால பார்த்து, உங்ககிட்ட கையெழுத்து வாங்கணும். நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே எழுதிப் போடறேன்."

"சிலந்தியை நான் எரிக்க மாட்டேன்" என்றார் புஸியான். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். வியாம் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு ரொட்டி சாப்பிட உட்கார்ந்தோம். நான் கோபத்தை அடக்கிப் பார்த்தேன். அது என்னால் ஆகிற காரியமில்லை.

"சிலந்தி என்ன சாப்பிடும்?" என்று கேட்டேன்.

"ஈ. கொசு."

"இலை சாப்பிடுமா?"

"சாப்பிடாது."

"சாறு உறிஞ்சுமா?"

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"ஒண்டிக்கிட்டு இருந்து சாறு உறிஞ்சறதுக்குப் பேரு என்னன்னு உங்க அம்மா உங்க தலையில தேடிக் காட்டியிருப்பாங்களே. பேன். அதுக்கும் காலு இருக்கு. இது செடிப் பேன். எவனோ பேரு தெரியாம சிலந்தின்னு வெச்சுட்டான், நீங்க அதுக்குப் பாய் விரிச்சு உக்கார வெக்கறீங்க."

பூதக்கண்ணாடியையும் ஒரு இலையையும் அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். மூச்சு இலையில் பட்டது. கண்ணாடியைக் கீழே வைத்தபோது முகம் மாறியிருந்தது.

"அசிங்கமாத்தான் இருக்கு" என்றார்.

"அப்போ வியாமைக் கூப்பிடவா?"

"யோசிக்கணும்" என்று எழுந்து போய்விட்டார். ஒப்புக்கொண்ட பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? எனக்குப் புரியவில்லை. பிடிவாதம் என்று விட்டுவிட்டேன்.

யோசிக்கிறவருக்காகப் பேன் காத்திருக்காது. அடுத்த நாளே ஷாமாவையும் அவள் இரண்டு நாத்தனார்களையும் கூட்டிக்கொண்டு கீழடுக்கில் இறங்கினேன். ஊற்று வாய்க்காலில் குழாயைச் சொருகி, தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்சினோம். வாடகைக்கு ஸ்பிரேயர் எடுத்துவந்து சாயங்காலம் சோப்பு அடித்தோம். ஆலிவ் எண்ணெயில் செய்கிற, களி மாதிரி இருக்கிற அதே சோப்புதான். நாங்கள் ஹம்மாமுக்குக் குளிக்கப் போகும்போது எடுத்துப் போவது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் தோட்டம் முழுக்க வியாழக்கிழமைக் குளியலறை வாசனை. ஸ்பிரேயர் எட்டாத இடத்தில் இலையை உள்ளங்கையில் மல்லாத்தி, துணியால் துடைத்தோம்.

"என் புருஷன் ஹம்மாதி என் முதுகைக்கூட இவ்வளவு பொறுமையா தேய்ச்சதில்ல" என்றாள் ஷாமா.

"நீ எப்போ திரும்பி உக்கார்ந்தே? வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தானே அவர் இருப்பார்" என்றாள் ஒரு நாத்தனார்.

சிரித்துக்கொண்டே வேலை நடந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. மேலடுக்கில் இருந்து காற்று வரும்போதெல்லாம் கூடவே பேன்களும் வந்து இறங்கும். நாங்கள் கீழே கழுவக் கழுவ, மேலே இருந்து புதிதாக வரும். மூல வீடு அப்படியே இருக்கும்போது முற்றத்தைப் பெருக்கி என்ன பலன்? புஸியான் நடு அடுக்கின் மறுகோடியில், எங்களிடமிருந்து தள்ளி, தனியாகச் சோப்பு அடித்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் அடித்தார், ஒரு இலை விடாமல். சிலந்தியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதுவும் எனக்கு உறுத்தியது.

கீழ் இலைகள் கொஞ்சம் தெளிய ஆரம்பித்திருந்த ஒரு மத்தியானம். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்கிற வேளை. புஸியான் பாயில் இல்லை. கொட்டிலில் இல்லை. ஸ்பிரேயரும் இல்லை. அந்த வெயிலில் சோப்பு அடித்தால் இலை கருகும் என்று அவருக்கே தெரியும். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மேலடுக்குக்கு ஏறினேன்.

வரப்பில் உட்கார்ந்திருந்தார். காலுக்கு நடுவில் ஸ்பிரேயர். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், மஞ்சள் மூடி, எங்களுக்குத் தெரியாத எழுத்து. அந்தப் பாட்டிலை எனக்குத் தெரியும். ஹம்மாதியின் கொட்டகையில் இருப்பது. எல்லை தாண்டி வருகிற சரக்கு. ஒரு தடவை அடித்தால் பேன் மட்டுமல்ல, பறக்கிற தேனீயும் விழும். மூடி இன்னும் திறக்கப்படவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்துவதற்குத்தான் ஏறி வந்தேன், ஆனால் மூச்சு வாங்கியதில் கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"சிலந்தியை எரிக்க மாட்டேன்னு சொன்னவர் கையில என்ன அது?"

"நீதானே பேன்னு சொன்னே."

"நான் சொன்னேன். நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"கண்ணாடியில பார்த்தேனே. பேன்தான்."

"பேன்னா பிடுங்கி எரிக்க வேண்டியதுதானே? விஷத்தை எதுக்கு அடிக்கணும்? சோதனையில தெரிஞ்சா பேரை அடிச்சிடுவாங்கன்னு தெரியாதா? எரிச்சா ஒரு அடுக்கு போகும். இதை அடிச்சா எல்லாமே போகும்."

புஸியான் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எரிச்சா அவங்க வருவாங்க" என்றார்.

"யாரு வருவாங்க?"

சாலையைப் பார்த்தார். சாலையில் ஒன்றும் இல்லை, புழுதி மட்டும் படுத்துக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாம் அன்று போலீஸ் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இவர் சிலந்தி என்று சொன்னார். நான் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன், ஆளைப் பார்க்கவில்லை. மன்னிப்பு வந்ததிலிருந்து இவர் ஒரு சந்தைக்குப் போயிருக்கிறாரா? சந்தை நாளான ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கால்வலி, அல்லது கழுதைக்குக் கால்வலி. லைசென்ஸுக்குப் படம் எடுக்கக்கூட சங்கத்து ஆள்தான் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது.

"மன்னிச்சாச்சே" என்றேன். "காகிதம் கையில இருக்கே."

"காகிதத்துக்குத் தெரியுது. என் காலுக்குத் தெரியல." பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார். "லாரி சத்தம் கேட்டாலே கால் தன்னால மலைப்பக்கம் திரும்புது, யாம்னா. பக்கத்துல ஆள் இருந்தா குனிஞ்சு செருப்பைச் சரி பண்ற மாதிரி நடிக்கிறேன். அவங்க வந்து எதிர்ல நிக்கறப்ப நான் ஓடிட்டேன்னா? அந்தப் பொண்ணு முன்னாடி, ஷாமா முன்னாடி? ஓடறவனுக்கு எதுக்குடா லைசென்ஸ்னு கேக்க மாட்டாங்களா?"

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு இரக்கம் வந்தது. கூடவே கோபமும் வந்தது, என்னால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. மரியாதையெல்லாம் நாக்கிலிருந்து இறங்கிவிட்டது.

"நீ ஓடினே. நான் ஓடினேனா? ஒவ்வொரு தடவையும் அவங்க வந்தப்ப கதவைத் திறந்தது யாரு? மாவுக் கையோட நின்னது யாரு? அவங்க பெட்டியைக் கவுத்தப்ப, பாயைப் புரட்டினப்ப, சின்னப் பிள்ளையா இருந்த உன் பொண்ணு என் அங்கியைப் பிடிச்சுட்டு அழுதப்ப? எனக்குக் குகை இருந்துச்சா, புஸியான்? எனக்கும் கால் இருந்துச்சு. அதுவும் நடுங்குச்சு. நின்னேன், அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார். இதை இத்தனை வருடத்தில் நான் சொன்னதில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நீ நின்னதை நான் மேல இருந்து பார்த்திருக்கேன்" என்றார். "பார்த்துட்டுத்தான் உள்ள படுத்திருந்தேன்." மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்த வலை நிஜமா இருந்துச்சு" என்றார்.

"இருந்திருக்கட்டும். அந்தச் சிலந்தியை நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அது உன்னைப் பத்திரமா வெளிய அனுப்பத்தான் பின்னுச்சு, உள்ளேயே வெச்சுக்க இல்ல."

வெயில் கழுத்தைச் சுட்டது. ஒரு வெட்டுக்கிளி ஸ்பிரேயர் மேல் வந்து உட்கார்ந்து போனது.

"பேச வேண்டாம்" என்றேன். மறுபடி நீங்க என்று சொல்ல வாய் வந்தது. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். என் பக்கத்துல நில்லுங்க. அது போதும். கால் திரும்பினா என் கையைப் பிடிச்சுக்குங்க."

பாட்டிலை நானே எடுத்துக்கொண்டு போய் ஹம்மாதியிடம் திருப்பிக் கொடுத்தேன். "பேனுக்கு அடிக்கலையா?" என்றார் அவர். "உங்க வீட்டுத் தலைகளுக்கே தேவைப்படும், வெச்சுக்குங்க" என்றேன். உள்ளே இருந்து ஷாமா சிரித்தாள். வீட்டுக்கு வந்தபோது புஸியான் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பக்கத்து மலைக்குக் கேட்கிற மாதிரி வியாமிடம் பேசிக்கொண்டிருந்தார். "எழுதிப் போடும்மா. எந்த நாள்னாலும் சரி" என்றார்.

அவர்கள் வருகிறவரைக்கும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. மேலடுக்குக்கும் நடு அடுக்குக்கும் இடையில் பழைய சாக்குகளை நனைத்துக் கட்டினோம். சாலையோரத்தில் தினமும் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினோம். கழுவினோம், சோப்பு அடித்தோம், மறுபடி கழுவினோம். புஸியான் இப்போது எங்களோடு சேர்ந்து ஒரே வரிசையில் நின்று இலை துடைத்தார். ஷாமா குகை, சிலந்தி என்று ஏதோ ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் ஆலிவ் விலைக்குத் தாவிவிட்டாள். அவளுக்கும் நேரம் காலம் தெரியும்.

அந்த நாள் வந்தது. காலையிலேயே புஸியான் முகம் மழித்து, கல்யாணத்துக்குப் போடுகிற கோடு போட்ட மேலங்கியைப் போட்டுக்கொண்டார். செடி பிடுங்கப் போகிறவருக்கு எதற்கு அது என்று நான் கேட்கவில்லை. மேலடுக்குச் செடிகளை ஈரச் சாக்கில் மூடியபடியே வேரோடு பிடுங்கி, நடுவில் அம்பாரமாகக் குவித்தோம். விதைத்து, நீர் பாய்ச்சி, ஆண் செடி களைந்து வளர்த்தது. ஒவ்வொன்றும் மண்ணிலிருந்து வரும்போது எனக்கு நெஞ்சு வலித்தது. வியாம் முதலில் வந்து, கீழே இரண்டு அடுக்கிலும் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இலை இலையாகத் திருப்பினாள்.

"காலா, சுத்தமா இருக்கு. அங்கொண்ணு இங்கொண்ணு. புதுக் கொழுந்துல ஒண்ணுமே இல்ல. இதை எரிச்சுட்டா தப்பிச்சோம்."

நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஜீப் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை எதனோடும் ஒப்பிட என்னிடம் வார்த்தை இல்லை. வளைவில் ஒருமுறை தேயும், பிறகு மேட்டில் உறுமும். எத்தனையோ வருடம் அந்தத் தேய்ச்சலுக்கும் உறுமலுக்கும் இடையில்தான் எங்கள் குடும்பம் தட்டை விட்டு எழுந்து, விளக்கைப் பின்கதவுப் பக்கமிருந்து மாற்றி வைத்து, பின்கதவைச் சாத்தியிருக்கிறது. புஸியானின் கை என் கைக்குள் வந்தது. ஊர் முன்னால் நாங்கள் கை பிடித்து நின்றதில்லை. அவருடைய வலது கால் மெல்ல மலைப்பக்கம் திரும்பியது. நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டேன்.

ஜீப்பிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். சங்கத்து ஆளும் கூட இருந்தார். மூத்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார், சலாம் சொன்னார், புழுதிக்குத் தும்மினார். கையில் அட்டை, அதில் காகிதம். எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, முன்னால் நின்ற என்னிடம் கேட்டார்.

"நிலம் புஸியான் பேர்ல இருக்கு. எங்க அவர்?"

"வீட்டுல இல்லைங்க" என்றேன் நான். "நாடோர் டவுனுக்குப் போயிருக்கார். எப்போ வருவார்னு தெரியாது."

சத்தியமாக நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது. கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் பணிவு, எல்லாம் அதே அளவில், அதே இழுவையில். அந்தக் காலத்தில் ஜீப் வந்தபோதெல்லாம் மாவு பிசைந்துகொண்டே சொல்லிச் சொல்லிப் பழகியது. வியாம் வாயைத் திறந்தபடி நின்றாள். சங்கத்து ஆள் புஸியானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடானது. இவருக்குத் தைரியம் சொன்ன மகராசி நான்தான். அவருக்குக் கால் என்றால் எனக்கு நாக்கு. திருத்திச் சொல்ல வேண்டும், ஆனால் என்ன சொல்வது? பொய் சொன்னேன் என்றா? அதிகாரி காகிதத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

என் கையிலிருந்து புஸியானின் கை விலகியது. ஓடப் போகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்த ஒரு நொடியில் தங்கை வீடு, குகை, ரொட்டி முடிந்த துணி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அவர் ஓடவில்லை. இரண்டு அடி முன்னால் வைத்து, எனக்கும் அதிகாரிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நான்தான் புஸியான்" என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார். இவரைப் பார்த்தார். இவர் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்த என்னைப் பார்த்தார். எத்தனை வீட்டுக் கதவில் எத்தனை பெண்கள் அதே வரியை அவரிடம் சொல்லியிருப்பார்களோ, அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"அப்படியா. நாடோர்லேர்ந்து எப்போ வந்தீங்க?"

"இப்போதான்" என்றார் புஸியான். "இப்போதான் வந்து சேர்ந்தேன்."

அதிகாரி பேனாவைத் திருப்பி அவரிடம் நீட்டினார். புஸியான் அதை வாங்கி, அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டித் தன் பெயரை முழுவதும் எழுதினார்.